சம்பள வேலையா, சொந்த அறக்கட்டளையா, உறுப்பினர் நிறுவனமா? செட்டிநாட்டுச் சமூகப் பணியாளர்களுக்காக ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் ஐந்தாறு ஆண்டுகள் களப்பணி செய்த சமூகப் பணியாளர் பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். இருக்கிற தொண்டு நிறுவன வேலையிலேயே தொடர்வதா, சொந்தமாக ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்வதா, அல்லது இத்தனை நாளும் தாம் கூட்டிச் சேர்த்த பெண்களையே உரிமையாளர்களாகக் கொண்டு ஒரு தொழில் நிறுவனத்தை உருவாக்குவதா? திட்டக் காலம் முடிகிற மார்ச் மாதம் நெருங்க நெருங்க இந்தக் கேள்வி அவசரமாகிவிடுகிறது. அவசரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் சொந்த அறக்கட்டளையில் போய் முடிகிறது. என் கணிப்பில், பெரும்பாலோர் கடைசியாகப் பரிசீலிக்க வேண்டிய வழி அதுதான். ஏன் என்பதை ஒவ்வொரு வழியும் நம்மிடம் எதிர்பார்க்கும் சுயகட்டுப்பாட்டையும் தொழில்முனைவு மனப்பாங்கையும் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

சமூகப் பணியாளருக்குத் தொழில்முனைவு மனப்பாங்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தொழில்முனைவு என்றதும் வாங்கி விற்பதும் லாபம் பார்ப்பதும் நினைவுக்கு வருவதால் எழும் தயக்கம் அது. ஒரு வேலைக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று தெரிந்திருப்பது, பெரிதாகத் தொடங்குவதற்கு முன் சிறிய அளவில் செய்து பார்ப்பது, எவ்வளவு வரை இழக்கலாம் என்று முன்கூட்டியே வரம்பு கட்டிக்கொள்வது, கெட்ட செய்தியை முதல் நாளே சொல்வது ஆகிய நான்கையும் சேர்த்தே அந்தச் சொல்லை இங்கே பயன்படுத்துகிறேன். மேற்பார்வையாளர் இல்லாத நாளிலும் இந்த நான்கையும் விடாமல் செய்வதுதான் சுயகட்டுப்பாடு.

இந்த மண்ணுக்கு இவை புதியவை அல்ல. பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் நாட்டுக்கோட்டை நகரத்தார் (செட்டியார்கள்) நடத்திய வட்டிக்கடைகளில் முதலாளி பெரும்பாலும் உடனிருப்பதில்லை. அவருடைய முதலை வைத்துக் கடையை நடத்தியவர் சம்பளத்துக்குப் போன முகவர். மூன்றாண்டு ஒரு தவணை. அது முடிந்ததும் கணக்கு ஒப்படைப்பு. சிறுவயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக, அதாவது உதவியாளராக உயர்ந்து, சிட்டை, பேரேடு, ஐந்தொகை ஆகிய கணக்கெழுத்து முறைகள் கைவந்த பிறகுதான் ஒருவர் பொறுப்புக்கு அனுப்பப்பட்டார். கோயிலுக்கும் அறத்துக்குமான மகமை, மனம் இளகியபோது எடுத்துக் கொடுக்கும் தொகையாக இல்லாமல், கணக்கிலேயே தனியாக எழுதி ஒதுக்கப்பட்டது. பிறர் பணத்தைத் தொலைதூரத்தில், தன்னந்தனியாக, தவறாமல் நடத்துவதற்கான பயிற்சி இது. நன்கொடையாளரின் பணத்தைக் கையாளும் களப்பணியாளரின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

ஆனால் கணக்கு ஒழுங்கு மட்டும் போதாது என்பதற்கும் அதே வரலாறு சான்று தருகிறது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கடைகளின் வசமிருந்த நிலம் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்து, 1938க்குள் ஏறத்தாழ 25 சதவீதத்தை எட்டியது. நிலம் வேண்டும் என்று அவர்கள் கடன் கொடுக்கவில்லை. திரும்பாத கடனுக்கு ஈடாக வந்த நிலம் அது. ஆயினும் நட்டம் யார் தலையில் இறங்கியது என்று பார்த்தால் உழவன் தலையில்தான் இறங்கியது. கணக்கு சரியாக இருந்தது, சமூகம் சிதைந்தது. ஆகவே எந்த வழியை எடைபோடும்போதும், நட்டம் வந்தால் அதை யார் சுமப்பார் என்று நான் முதலில் கேட்கிறேன்.

இனி வழிகளைப் பார்ப்போம். சம்பள வேலையில் தொடர்வதை ஏதோ துணிவில்லாதவர்களின் வழி என்று பேசும் பழக்கம் இளையவர்களிடம் இருக்கிறது. அது தவறு. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கியபோது அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார், வயது 58. பணம் கட்டக்கூடியவர்களின் கட்டணத்தைக் கொண்டு கட்ட இயலாதவர்களுக்கும் அதே தரத்தில் சிகிச்சை தருகிற அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால், அரசுப் பணிக்காலத்தில் முகாம்களை நடத்தி, ஒரு நாளில் எத்தனை அறுவை செய்ய முடியும், எங்கே நேரம் வீணாகிறது என்று உள்ளிருந்தே கற்ற அனுபவம் இருந்தது. உள்ளே இருந்தபடியே தொழில்முனைவு மனப்பாங்கை வளர்க்க முடியும் என்பதற்கு நம் அண்டை ஊரிலிருந்தே கிடைக்கும் உதாரணம் இது.

சம்பள வேலையின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. பயண அறிக்கை, மாதாந்திரக் கூட்டம், ஆடிட்டர் கேட்கும் ரசீது என்று அங்கே ஒழுங்கு வெளியிலிருந்து வருகிறது. பத்தாண்டு பணியாற்றிய பிறகும் அந்த ஒழுங்கு நம்முடையதாகிவிட்டதா, நிறுவனத்திடம் இரவல் வாங்கியதாகவே இருக்கிறதா என்று நமக்கே தெரியாமல் போகலாம். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நிறுவனம் கேட்காத ஒரு கணக்கை, உதாரணமாக நீங்கள் பொறுப்பேற்றுள்ள ஒரு மாலைநேரப் பயிற்சி மையத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்பதை, ஓராண்டு விடாமல் எழுதிப் பாருங்கள். வாடகை, ஆசிரியர் ஊதியம், நோட்டுப் புத்தகம் ஆகியவற்றோடு உங்கள் சம்பளத்தில் அந்த மையத்துக்குச் சேரும் பங்கையும் எழுத வேண்டும். நான்காவது மாதத்தில் நின்றுபோனால், சொந்தமாக எதையும் தொடங்குவதற்கான நேரம் இன்னும் வரவில்லை என்று பொருள். சம்பள வேலையில் வருமானம் நிலையாக இருக்கும் என்ற நம்பிக்கையையும் சற்று குறைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்ததோடு, ஒரு நிறுவனம் வாங்கிய தொகையை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிப்பதையும் தடுத்துவிட்டது. பெரிய நிறுவனங்களின் நிழலில் இயங்கிய சிறிய தொண்டு நிறுவனங்களுக்கு அந்த நிழல் அன்றோடு போயிற்று.

சொந்த அறக்கட்டளையைத் தொடங்குவது எளிது. அதனாலேயே பலர் தொடங்கிவிடுகிறார்கள். பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் அறக்கட்டளை பிறந்துவிடும். சங்கமாகப் பதிய விரும்பினால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். கடினம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 12ஏ, 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வருமான வரி விலக்குப் பதிவுகளை வாங்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கை முடித்துத் தாக்கல் செய்ய வேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சிஎஸ்ஆர் பணம், பெறுவதற்கு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவின் கீழான விதிகள் பொதுவாக மூன்றாண்டுச் செயல்பாட்டு வரலாற்றை எதிர்பார்க்கின்றன. வெளிநாட்டு நன்கொடைக்கான பதிவுக்கும் மூன்றாண்டு தேவை. ஆக, பத்திரம் பதிந்த நாளிலிருந்து முதல் மூன்றாண்டுகள் ஊர்க்காரர்களின் நன்கொடையிலும் உங்கள் கைக்காசிலும்தான் அது நடக்க வேண்டும். அந்த மூன்றாண்டில் வீட்டுச் செலவையும் அறக்கட்டளைச் செலவையும் ஒரே பையிலிருந்து எடுக்காமல் இருப்பதற்கு வேண்டிய கட்டுப்பாடு சாதாரணமானது அன்று. கணவன், மனைவி, மைத்துனர் மூவருமே அறங்காவலர்களாக இருக்கும் இடத்தில் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை என்பதால், அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியிலிருந்து உதவியும் கிடைக்காது.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. அறநிறுவனம் பொதுவாகத் தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டிலேயே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். கல்வி, மருத்துவம், ஏழைகள் நிவாரணம் போன்றவற்றில் அடங்காமல் பொதுப்பயன் நோக்கம் என்ற வகையில் வரும் அமைப்பாக இருந்தால், வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது பொருள் விற்றுத் தன் காலில் நிற்கும் எண்ணத்தோடு ஒருவர் அறக்கட்டளையைத் தொடங்கினால், சட்டமே அவரைத் தடுத்து நிறுத்தும். தொழில்முனைவு மனப்பாங்கு உள்ளவருக்கு இந்த அமைப்பு இறுக்கமானது என்பதை ஆடிட்டர் சொல்லித் தெரிந்துகொள்ளும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

அப்படியானால் அறக்கட்டளை யாருக்குப் பொருந்தும்? சேவை பெறுபவர் ஒருநாளும் பணம் கட்ட முடியாது, அவருக்காகக் கட்ட வேறு யாரும் இல்லை என்ற நிலையில்தான் அது சரியான வடிவம். மனநலம் குன்றி வீதிக்கு வந்துவிட்டவர்கள், ஆதரவற்ற குழந்தைகள் போன்றோருக்கான பணியில் விற்பனை, வருவாய் என்று பேசுவதே பொருந்தாது. அங்கேயும் கொடுப்பவரும் நடத்துபவரும் தனித்தனியாக இருப்பது நல்லது. வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். ஆனால் அதை நடத்தும் பொறுப்பு அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்திடம் இருந்தது. 1953இல் திறக்கப்பட்ட ஆய்வகம், 1957இல் கொடையாளர் மறைந்த பின்னும் தளராமல் இயங்குவதற்கு அந்தப் பிரிவினையும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

மூன்றாவது வழியில்தான் செட்டிநாட்டுக்கு மற்ற வட்டாரங்களுக்கு இல்லாத வாய்ப்பு இருக்கிறது. கொட்டான் என்னும் பனையோலைக் கூடை, கண்டாங்கிச் சேலை, கை முறுக்கு, சீப்புச் சீடை, மசாலாப் பொடி என்று பெயர் சொன்னாலே வாங்குபவர் அடையாளம் கண்டுகொள்ளும் பொருள்கள் இங்கே உண்டு. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொட்டானுக்கும் அது உண்டு. வழக்கொழிந்துகொண்டிருந்த கொட்டான் முடைதலை எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்ததும் இங்கேதான். பொருளும் இருக்கிறது, செய்யத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. குறைவது கணக்கும் நிர்வாகமும்தான்.

எவ்வளவு குறைகிறது என்பதைக் கை முறுக்குச் சுற்றும் ஒரு சுயஉதவிக் குழுவின் நான்கு பெண்களை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு நாளில் 10 கிலோ முறுக்கு; கடைக்குக் கிலோ 300 ரூபாய்; வரவு 3,000. அரிசி, உளுந்து, எண்ணெய், எரிவாயு, உறை ஆகியவற்றுக்கு 1,700. மீதி 1,300 ரூபாயைக் குழுவினர் லாபம் என்று சொல்லிப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆனால் நால்வரும் ஆளுக்கு ஐந்து மணி நேரம் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது 20 மணி நேர உழைப்பு. மணிக்கு 65 ரூபாய். அதில் ஆட்டோவுக்கு 150, உடைந்து திரும்பி வந்த அரை கிலோவுக்கு 150, சட்டி, அடுப்புத் தேய்மானத்துக்கு 100 போனால் மீதி 900, மணிக்கு 45. அதாவது அவர்கள் லாபம் என்று நினைத்தது முழுவதும் அவர்களுடைய கூலியே, அதுவும் குறைந்த கூலி. இதோடு முடியவில்லை. கடை ஒரு மாதம் கழித்துத்தான் பணம் தருகிறது என்றால், மாதம் 25 நாள் சுற்றும் குழுவின் பொருட்செலவு 42,500 ரூபாய் எப்போதும் வெளியே முடங்கிக் கிடக்கும். அதைக் குழு தன் சேமிப்பிலிருந்து தரும் உள்கடனில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு எடுத்திருந்தால் மாதம் 850 ரூபாய் வட்டியும் சேரும். “தீபாவளி முடியட்டும், மொத்தமாத் தந்திடுறேன்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு அக்கா” என்று குழுத் தலைவி சொல்லும்போது, அந்தத் தாமதத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை எழுதிக் காட்டத் தெரிந்த சமூகப் பணியாளர்தான் அந்தக் குழுவுக்கு உண்மையில் உதவுகிறவர்.

தேவையின் போக்கும் இங்கே தனி மாதிரியானது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் குடும்பங்கள் திருமணத்துக்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் பூர்வீக வீட்டுக்கு வருகின்றன. முகூர்த்த மாதத்தில் ஒரே ஆச்சி வீட்டிலிருந்து முந்நூறு கொட்டான் கேட்பார்கள். அடுத்த மாதம் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஆர்டர் குவியும் மாதத்தில் வந்த பணத்தை முழுவதும் பிரித்துக்கொள்ளாமல், ஓலை மலிவாகக் கிடைக்கும் காலத்தில் வாங்கிக் காயவைத்துச் சாயம் ஏற்றி வைப்பதற்கு ஒதுக்கச் சொல்வது எளிய வேலை இல்லை. கையில் பணத்தைப் பார்த்த பெண்கள் கேட்கும் கேள்விகளுக்குக் கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். அன்பாகப் பேசிப் பழகிய சமூகப் பணியாளருக்கு, மறுத்துப் பேசும் கட்டுப்பாடு தனியாகப் பழக வேண்டிய ஒன்று.

இதற்கான சட்ட வடிவம் உற்பத்தியாளர் நிறுவனம். 2002இல் நிறுவனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இந்த வகை, உழவர்களுக்கு மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். கைத்தறி, கைவினை, குடிசைத் தொழில் செய்பவர்களும் இதில் அடங்குவர். உற்பத்தியாளர் பத்துப் பேர் இருந்தால் போதும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரு தனிநபர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. நம் ஒப்பீட்டுக்கு மிக முக்கியமான விதி வேறொன்று: உறுப்பினர் அல்லாத ஒருவரை முழுநேரத் தலைமைச் செயல் அலுவலராக இயக்குநர் குழு நியமிக்க வேண்டும். சமூகப் பணியாளர் உட்கார வேண்டிய நாற்காலியைச் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. உரிமை பெண்களிடம் இருக்கும். நிர்வாகம் உங்களிடம் இருக்கும். கணக்கு சரியில்லை என்றால் அவர்கள் உங்களை நீக்கலாம். சொந்த அறக்கட்டளையில் இல்லாத கேள்வி கேட்கும் உரிமை இங்கே இருக்கிறது. பழைய முகவர் முறைக்கு மிக நெருங்கிய அமைப்பும் இதுதான், ஒரு மாற்றத்தோடு: முதலாளியின் இடத்தில் முடைபவரும் சுற்றுபவரும் இருக்கிறார்கள். நட்டம் வந்தாலும் பொதுவாக அவர்கள் போட்ட பங்குத் தொகையோடு அது நிற்கும், அவர்கள் தனியாக ஜாமீன் கையெழுத்துப் போடாத வரை. வங்கிக் கடன் வாங்கும் நாளில் இந்தக் கடைசிச் சொற்றொடரை மறக்கக் கூடாது.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு ஆண்டு உங்கள் ஊதியத்தை நிறுவனத்தின் வருமானம் தாங்காது. ஆண்டுத் தாக்கல்களைத் தவறவிட்டால் அபராதம் நாள்கணக்கில் ஏறும். ஐம்பது உறுப்பினரில் பத்துப் பேருக்குத்தான் கூட்டத்துக்கு வரும் ஆர்வம் இருக்கும். சுயஉதவிக் குழுக்களில் வலியுறுத்தப்படும் ஐந்து நெறிகளான தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், உரிய காலத்தில் தவணை, முறையான பதிவேடு ஆகியவை ஏற்கனவே ஊறிய குழுக்களைக் கொண்டு தொடங்கினால் மட்டுமே இது நிலைக்கும். ஆறு மாதமாகத் தீர்மானப் புத்தகம் எழுதப்படாத குழுக்களை ஒன்றாகச் சேர்த்து நிறுவனம் அமைத்தால், அந்தக் குறையே பெரிய அளவில் திரும்ப வரும்.

கைவினைப் பொருள்களைப் பெண்களிடம் வாங்கித் தானே விற்கும் தனிக்கடை என்ற நான்காவது வழியும் உண்டு. வேகமாக வளரும், முடிவெடுக்கக் கூட்டம் போட வேண்டியதில்லை. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்பவர்கள் பலரும் இப்படித் தனியாகத்தான் தொழில் நடத்துகிறார்கள். நேர்மையான வணிகம் அது. ஆனால் விலை குறையும் மாதத்தில் முடைபவரின் கூலியைத் தானே குறைக்க வேண்டிய இடத்தில் சமூகப் பணியாளர் போய் நிற்பார் என்பதால், நான் அதை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மேலே சொன்ன வழிகள் கலந்த ஒரு வாய்ப்பை இந்த வட்டாரத்தில் யாராவது கையில் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரிய வீடுகளில் முதியவர்கள் தனியாக வாழ்கிறார்கள். மருந்து வேளைக்குக் கொடுக்க, மருத்துவமனைக்கு அழைத்துப்போக, மாலையில் பேச்சுத் துணையாக இருக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அதற்குப் பணம் கட்டப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். அதே தெருவின் கடைசியில், கட்ட யாருமில்லாத முதியவரும் இருக்கிறார். அரவிந்த் மருத்துவமனை கண்ணுக்குச் செய்ததை இங்கே முதியோர் பராமரிப்புக்குச் செய்யலாம். நான்கு வீடுகளில் பெறும் கட்டணம் ஐந்தாவது வீட்டைத் தாங்குமா என்று ஒரே ஊரில், ஆறு மாதத்துக்கு, எழுதிய கணக்கோடு சோதித்துப் பார்க்க முடியும்.

முடிவெடுக்கும்போது உங்கள் நிலையைப் பொறுத்து விடை மாறும். பணியனுபவம் ஐந்தாண்டுக்குக் குறைவு, அல்லது நான் மேலே சொன்ன ஓராண்டுக் கணக்கை இன்னும் எழுதிப் பார்க்கவில்லை என்றால், வேலையில் தொடருங்கள். ஆனால் வரவும் செலவும் சேர்ந்த ஒரு சிறு பிரிவின் முழுப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஓராண்டுச் செலவுக்குத் தனியாகப் பணம் இருந்து, ஒழுங்கான குழுக்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் உற்பத்தியாளர் நிறுவனம். பணமே கட்ட முடியாதவர்களுக்கான பணி என்றால் அறக்கட்டளை. அதில் உறவினர் அல்லாத அறங்காவலர் குறைந்தது இருவர் இருக்கட்டும், காசோலையில் அவர்களில் ஒருவர் கையெழுத்துப் போடட்டும்.

வேலையை விட்டு மூன்றாவது வழிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நீங்கள் கூட்டிச் சேர்த்த குழுக்கள் உங்கள் நிறுவனத்தின் திட்டப் பணத்தில் உருவானவை. அவற்றின் பதிவேடுகள் நிறுவனத்துக்கும் குழுவுக்கும் உரியவை, உங்களுக்கு உரியவை அல்ல. ராஜினாமாக் கடிதத்துக்கு முன்பே உங்கள் எண்ணத்தை நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லுங்கள். திட்டம் முடியும் தேதி வரை குழுக்களிடம் புதிய நிறுவனம் பற்றிப் பேசாதீர்கள். அதன் பிறகு, சேர்வதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு குழுவும் தன் கூட்டத்தில், நீங்கள் இல்லாதபோது பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடட்டும். வர மறுக்கும் குழுவுக்குக் கடன் பெறுவதிலும் பயிற்சி பெறுவதிலும் எந்தக் குறையும் நேராது என்பதைப் பழைய நிறுவனமும் நீங்களும் சேர்ந்தே அவர்களிடம் சொல்ல வேண்டும்.